சைக்கிள் கொடுத்தால் எங்கே போவாய்?

கல்லில் தேய்ந்த பச்சிலையின் வாசனை எங்கே வந்தாலும் எனக்கு ஜவ்வாது மலைப் பாதையில் இறங்கும் சைக்கிள்கள்தான் நினைவுக்கு வரும். எழுபதுகளின் கடைசியில் எங்கள் ஊரில் சைக்கிள் என்பது ஏறி ஓட்டுவதற்கானதாக இருக்கவில்லை. கேரியரில் புளி மூட்டையை ஏற்றி, "எறக்கத்துல வண்டி நம்மள இஸ்துக்கினு போய்டும்" என்று ஒரு தழைக்கிளையை வெட்டிப் பின்னால் கயிற்றில் கட்டி, அது தரையில் இழுபட்டு வேகத்தைக் குறைக்க, கூடவே நடந்து இறங்குவதற்கானது. அவிழ்த்துப் போட்ட கிளைகளைப் பொறுக்க வரும் அடிவாரத்துப் பெண்கள், "மலைக்காரங்க எறங்குனாதான் எங்க வூட்ல அடுப்பு எரியும்" என்று கேலி பேசுவார்கள்.

அப்படித்தான் ஒருநாள் என் தகரப் பெட்டியைக் கேரியரில் கட்டிக்கொண்டு இறங்கி, அப்பா என்னைப் போளூரில் ஒரு பெண்கள் விடுதியில் சேர்த்தார். சனிக்கிழமை மதியமானால் சமவெளியிலிருந்து வந்த கீழ்நாட்டுப் பிள்ளைகளைக் கூட்டிப்போக யாராவது வந்துவிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை முழுக்க அந்த நீளக் கூடத்தில் சுருட்டிவைத்த பாய்களும் நானும்தான். அழுதால் ஏன் என்று கேட்க ஆளில்லாததால் அழுகையும் தானாகவே நின்றுவிடும். என்னோடு யாரும் சண்டைகூடப் போட்டதில்லை. அதுதான் எனக்குப் பெரிய துக்கமாக இருந்தது.

மாசியில் இங்கிலீஷ் வாய்மொழித் தேர்வு வந்தது. "பெயிலானா மூட்டையக் கட்டிக்கினு வூட்டுக்குப் போய்ட வேண்டியதுதான்" என்று விடுதி அம்மா எல்லோரையும் மிரட்டினார். மற்ற பிள்ளைகள் அன்றிரவே புத்தகமும் கையுமாக உட்கார்ந்துவிட்டார்கள். எனக்கோ பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி இருந்தது. வாயைத் திறப்பதில்லை என்று முடிவு செய்து, பெட்டியையும் முன்கூட்டியே அடுக்கி வைத்துவிட்டேன்.

அந்த முறை கேள்விகள் சைக்கிளைப் பற்றி. "ஐ லைக் சைக்கிளிங். சைக்கிளிங் இஸ் குட் ஃபார் ஹெல்த்" என்று டீச்சர் சொல்லிக் கொடுத்ததை, சைக்கிளைத் தொட்டே பார்க்காத பிள்ளைகள்கூட மளமளவென்று ஒப்பித்துவிட்டு வந்தார்கள். நான் போய் ஊமையாக உட்கார்ந்தேன். வெளியூரிலிருந்து வந்திருந்த அந்த வாத்தியார் ஏதேதோ கேட்டுப் பார்த்துவிட்டு, பேனாவை மூடிக்கொண்டே கடைசியாக, "ஐ கிவ் யூ எ சைக்கிள். வேர் வில் யூ கோ?" என்றார்.

விடுதிக்கு வந்த நாளிலிருந்து, எங்கே போக ஆசை என்று என்னை ஒருவரும் கேட்டதில்லை. "மை ஹவுஸ், சார்" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. வீடு எங்கே என்றார். மலை என்றேன். சைக்கிளில் எப்படி மலை ஏறுவாய் என்றார். தள்ளிக்கொண்டு ஏறுவதை எழுந்து நடந்தே காட்டினேன். இறங்கும்போது? "ட்ரீ ஹேண்ட், சார். டை பேக் சைட். கோ ஸ்லோ." அவருக்குப் புரியவில்லை. புரியவைத்தே தீரவேண்டும் என்று எனக்கு வெறி வந்துவிட்டது. கிளையிலிருந்து எங்கள் ஆடு, அம்மா சாமை குத்துவது என்று எங்கெங்கோ போய், தெரிந்த நாலு வார்த்தைகளைத் திருப்பித் திருப்பிப் போட்டு நான் பேசிக்கொண்டே இருக்க, அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். அந்த வருடத்தில் நான் ஒரு மனிதரிடம் அவ்வளவு பேசியது அன்றுதான். வெளியே வந்தபோது மனம் லேசாக இருந்தது, பேசியதற்கு மார்க் உண்டு என்பதே மறந்துபோய்.

மறுவாரம் சந்தையில் புளி போட வந்த அப்பாவிடம் விடுதி அம்மா, "மனப்பாடம் பண்ணாம பேசுனது உங்க பொண்ணு மட்டுந்தாங்க" என்றார். அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. நான் பெட்டியோடு வந்து நின்றேன்.

"இன்னாத்துக்கும்மா பொட்டி? நீதான் பாஸ் ஆயிட்டியே."

"வூட்டுக்கு வர்றேம்பா."

"அங்க வந்து களை பறிக்கவா? இங்கயே இரு கண்ணு. நம்ம சனத்துல யாரும் இப்டிப் பேசுனதில்ல."

பெட்டியை அவரே உள்ளே கொண்டுபோய் வைத்தார். தெருக்கோடி வரை திரும்பித் திரும்பிப் பார்த்துச் சிரித்துக்கொண்டே சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார். அவர் அவ்வளவு சந்தோஷப்பட்டு நான் பார்த்ததில்லை. அதனால்தான் அவரைக் கூப்பிட முடியவில்லை. அதன்பிறகு கோடை விடுமுறைக்கு மட்டும் வீட்டுக்குப் போகும் விருந்தாளியானேன்.

இப்போது சென்னையில், நாள் முழுதும் இங்கிலீஷ் பேசும் வேலை. மலைக்கு நல்ல ரோடு போட்டாகிவிட்டது. பஸ்ஸும் பைக்கும் போகின்றன, கிளை கட்டி இறங்குகிறவர்கள் யாருமில்லை. அப்பாவும் அம்மாவும் போன பிறகு வீட்டுக் கூரையும் சரிந்துவிட்டது. சென்ற வருடம் போய் அதன் முன்னால் நின்றிருந்தேன். தண்ணீர்க்குடத்தோடு வந்த ஒரு பெண், முகம் தெரியாதவள், மரியாதையாக ஒதுங்கி நின்று, "யார் வூட்டுக்கு வந்துக்கிறீங்க?" என்று கேட்டாள்.