உள்ளேயே நின்றுவிட்ட எடை

புரோகிராம் முரண்டு பிடித்தால் மஞ்சுளா முதலில் செருப்பைக் கழற்றுவாள். அடிக்க அல்ல, நாற்காலியில் சம்மணம் போட்டு உட்கார. லேக் மார்க்கெட்டில் மிக்சர் கடைக்கு மேலே இருக்கிற அந்தச் சின்ன கம்பெனியில், புருஷன் ஜெயக்குமாரிடம் பேசுவதைவிட அவள் கம்ப்யூட்டரிடம்தான் கொஞ்சிப் பேசுவாள் என்று ஒரு பேச்சு உண்டு. கிளப்பிவிட்டதே ஜெயக்குமார்தான்.

அன்று பக்கத்துக் குடோனின் லாரி எடைமேடை வேலை. மேடையிலிருந்து எடையைப் படித்து, பிஎச்பி ஸ்கிரிப்ட் கொடுக்கிற வேரியபிளில், அதாவது மதிப்பை வைக்கிற பெட்டியில், போட வேண்டும். அதற்காக ஜூனியர் மகேஷ் சி மொழியில் ஓர் எக்ஸ்டென்ஷன், ஓர் ஒட்டு நிரல், எழுதியிருந்தான். லாரி மேடையில் நிற்கும். ஸ்கிரிப்டில் பூஜ்யம் நிற்கும். சாயங்காலத்துக்குள் சரியாகாவிட்டால் வேலை பெங்களூர் ஆட்களுக்கு என்று முதலாளி வைத்தீஸ்வரன் சொல்லியாயிற்று. மஞ்சுளா சண்டை போட்டு வாங்கிய வேலை அது.

“கேபிள்தான் மஞ்சு-தி. மறுபடியும் மாத்திட்டேன்,” என்றான் மகேஷ். அக்காவுக்கு அந்த ஊர் வங்காளியில் ‘தி’.

“இன்னொண்ணு வாங்கு, துணி காயப்போடலாம். ஃபங்ஷனுக்குள்ள பிரிண்ட் போட்டியே, என்ன வந்துச்சு?”

“எடை வந்துச்சு.”

“அப்ப கேபிள் பாவம் என்ன பண்ணுச்சு? உள்ள வந்தது வெளிய போகல.”

அவன் மறுபடியும் கேபிளைத் தொட்டுப் பார்த்தான். மஞ்சுளா குரலை இறக்கினாள். அவள் குரல் இறங்கினால் எதிரில் இருப்பவனுக்குக் கெட்ட நேரம்.

“கீழ கடைல தோசமாவுக்குத் தூக்கு குடுக்குறே. கடைக்காரன் அதே மாதிரி வேறொரு தூக்குல ஊத்தி, அப்புறம் அதைக் கழுவிக் கவுத்துட்டா? உன் தூக்கு காலி. நீ பண்ணதும் அதான். வந்த வேரியபிள்லயே எழுதப்போறேன்னு மேல டிக்ளேர் பண்ணல. காப்பில எழுதி வச்சிருக்கே.”

“பாயிண்டர் வாங்கித்தானே எழுதினேன்?”

“காப்பியோட பாயிண்டர், சோனா. அட்ரஸே தப்பு, தங்கமே.”

ஆர்குமெண்ட் விவரம் எழுதும் இடத்தில் பூஜ்யத்தை அழித்து ஒன்று போட்டாள். இனி அது ரெஃபரன்ஸ்; காப்பி அல்ல, வந்த வேரியபிளேதான். மதிப்பை எழுதும் வரியையும் அதற்கேற்ப மாற்றினாள். கம்பைல் பண்ணி, சர்வரை ரீஸ்டார்ட் செய்தாள். மேடையில் நின்ற லாரி, டிரைவரின் தொப்பை உட்பட, கிலோ சுத்தமாகத் திரையில் வந்து உட்கார்ந்தது. அடுத்த லாரியும் அப்படியே.

“ஹோயே கேச்சே. முடிஞ்சுது,” என்றாள்.

கண்ணாடி அறையில் வைத்தீஸ்வரன் அதற்குள் பெங்களூருக்குப் போன் போட்டிருந்தார். மணி அடித்துக்கொண்டிருந்தது. மஞ்சுளா உள்ளே போய், போனை அவர் காதிலிருந்து எடுத்து, சிவப்பை அழுத்தி, அவர் சட்டைப்பையிலேயே போட்டு, பையை மெல்ல ஒரு தட்டுத் தட்டினாள்.