சிலுவை போடும் கை

தாராவியில் ஏஞ்சலம்மாள் மகள் ஜாக்குலினைத் தெரியாதவர்கள் கிடையாது. ஏரோப்ளேன் ஓட்டுகிற பிள்ளையாயிற்றே! வயது முப்பத்திமூன்று, புனே தாண்டி ஒரு ஃப்ளையிங் கிளப்பில் பயிற்றுநர் வேலை. மூக்குச் சக்கரம் வைத்த விமானம் என்றால் கண்ணை மூடிக்கொண்டு இறக்குவாள். ஆனால் கிளப்பில் புதிதாக வாங்கிப் போட்ட ஒரு பழைய விமானம், வாலில் சின்னச் சக்கரம் வைத்தது, அவள் மானத்தை வாங்கிவிட்டது.

அது ஒரு பிடிவாதக்கார வண்டி. கனம் பின்னால் இருப்பதால் தரை தொட்ட பிறகும் வால் சுற்றிக்கொண்டு முன்னால் வரப் பார்க்கும். முழுசாக நிற்கும்வரை கால்கள் திசை திருப்பும் பெடலை விடக்கூடாது. வலது கை, விமானத்தை ஆட்டுவிக்கிற ஸ்டிக்கை வயிற்றோடு இழுத்துப் பிடித்து வாலைத் தரையில் அழுத்த வேண்டும். ஜாக்குலின் இரண்டு தரம் கோட்டை விட்டாள். முதல் தரம் விமானம் புல்லுக்குள் போய் ஒரு வட்டமே அடித்தது. அடுத்த தரம் இறக்கை நுனி தரையில் உரசியது. அதையும் அவளுடைய மாணவர்கள் வேலியோரம் நின்று பார்த்தார்கள், பாவம்.

"உங்க காலு தூங்கிடுது மேடம். புதன்கிழமை கடைசி சான்ஸ். இல்லேன்னா இந்த ப்ளேன் உங்களுக்குக் கிடையாது," என்றார் பின் சீட்டில் உட்கார்ந்து சோதித்துப் பார்க்கும் கேப்டன் தப்ரேஸ்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தவள், செம்பூரில் ஒரு ஞானஸ்நான விருந்துக்குப் போய்விட்டு அம்மாவோடு பஸ்ஸில் திரும்பினாள். அம்மாவுக்கு சீட் கிடைத்தது. இவள் கம்பியைப் பிடித்து நின்றாள். தாராவி டெப்போ கண்ணில் பட்டதும் ஏஞ்சலம்மாள், பத்திரமாக வந்து சேர்ந்ததற்கு, வழக்கம்போல நெற்றியில் கை வைத்துச் சிலுவை போட்டாள். ஜாக்குலினும் போட்டாள். பஸ் ஒரு குலுக்குக் குலுக்கியது. முன்பின் தெரியாத ஒரு மராத்திக்காரர் மடியில் போய் விழுந்தாள்.

"மாஃப் கரோ" என்று எழுந்தவள் தன் வலது கையையே வெறித்துப் பார்த்தாள். அடப்பாவி, விமானத்திலும் இதைத்தானே செய்கிறேன்! சக்கரம் தரை தொட்டதுமே கை நெற்றிக்குப் போய்விடுகிறது, ஸ்டிக் முன்னால் நழுவுகிறது. மூக்குச் சக்கர விமானம் அதைப் பொறுத்துக்கொண்டது, இது விடுமா? பின்னாலிருந்து பார்க்கிற தப்ரேஸுக்கு அது எங்கே தெரியப் போகிறது?

வீட்டில் இதைச் சொன்னதும் அம்மாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "சிலுவ போடாமலா எறங்கப் போற? ஏட்டி, இத்தன வருசமா ஒன்ன காப்பாத்துனது அதுதாம்ட்டி!"

அன்று ராத்திரி அம்மா சாப்பிடவில்லை. நிஜமாகவே பயந்துவிட்டாள். மறுநாள் மகள் பையைத் தூக்கும்போதுதான் வாயைத் திறந்தாள்.

"நீ கைய எடுக்காத. ஒனக்குள்ளத நான் இங்கன இருந்து போட்டுக்கிடுதேன். புதங்கெழம எத்தன மணிக்கு எறங்குவ?"

"ஒம்பதுக்கு மேலம்மா. கரெக்டா சொல்ல முடியாது."

புதன்கிழமை சக்கரம் தரை தொட்டதும் கை நெற்றிக்குப் போகப் பார்த்தது. பல்லைக் கடித்துக்கொண்டு ஸ்டிக்கை விடாமல் பிடித்தாள். இடப்பக்கக் காற்றில் மூக்கு திரும்பப் பார்த்தது. வலது காலால் மிதித்து அடக்கினாள். விமானம் நிற்கும்வரை உயிர் அவளிடம் இல்லை. இப்படி மூன்று தரம். தப்ரேஸ் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

பன்னிரண்டு மணிக்கு, விமானத்தை விட்டு இறங்காமலே போன் போட்டாள். "மூணு தரமும் நேரா எறங்கிட்டேம்மா. பாஸ்!"

அந்தப் பக்கம் ஏஞ்சலம்மாள் அழுதுவிட்டாள். அழுது முடித்துவிட்டுக் கேட்டாள்.

"ஒம்பது மணில இருந்து விடாம போட்டுக்கிட்டே இருக்கேம்ட்டி. தோள்பட்ட கழண்டு போச்சு. இனி நிறுத்தட்டுமா?"

"நிறுத்தும்மா. இப்ப நான் போட்டுக்கிடுதேன்."