சோல் ஒட்டும் லைனில் கழனிக்காரம்மா

நாட்டின் பொருளாதாரத்துக்கு மூன்று துறைகள், விவசாயம், தொழில், சேவை என்று பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்தேன். பரீட்சை முடிந்ததும் மறந்துவிட்டேன். எழில்மதி வீட்டில் அதை மறக்கவே முடியாது, ஆளுக்கொரு துறை. அம்மா சாலம்மாள் கச்சிராயபாளையத்தில் கழனி வேலை செய்கிறாள். அண்ணன் தமிழழகன் சென்னையில் பைக்கில் வீடு வீடாகச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிறான். எழில்மதி எங்களோடு உளுந்தூர்பேட்டைப் பக்கத்து ஷூ கம்பெனியில் இருக்கிறாள்.

நான் கோகிலவாணி, அதே கம்பெனிதான். எங்கள் லைனில் ஷூவுக்கு சோல் ஒட்டுகிறோம். போன வருஷம் எழில்மதியை லைனுக்கு சூப்பர்வைசராகப் போட்டார்கள், தற்காலிகமாக. அவள் வேலை கம்பெனிக்குப் பிடித்திருந்தால் நிரந்தரம், இல்லையென்றால் மறுபடி பசை டப்பா. நிரந்தரமானால் அம்மாவை வீட்டில் உட்கார வைத்துவிடுவேன் என்று வேனில் தினமும் சொல்லுவாள். சாலம்மாளுக்கு முட்டி தேய்ந்து போயிருந்தது. குனிந்தால் நிமிர முடியாது, ஆனாலும் கழனிக்குப் போய்க்கொண்டுதான் இருந்தாள்.

அந்தக் கழனி கொளஞ்சியம்மாளுடையது. ஒரு காலத்தில் ஆலைக்கு லாரி லாரியாகக் கரும்பு அனுப்பிய குடும்பம். வெட்ட ஆள் கிடைக்காமல் கரும்பை விட்டார்கள். ஆள் எங்கே போனது? நாங்கள்தான் கம்பெனிக்குப் போய்விட்டோமே. மிச்சம் கொஞ்சம் மரவள்ளி, அதற்குச் சாலம்மாள் ஒருத்தி. கொளஞ்சியம்மாளுக்குப் புருஷன் இல்லை, மகன் தன் பிழைப்பைப் பார்த்துக்கொண்டு போய்விட்டான், மரவள்ளிக் காசும் போதவில்லை.

ஒரு திங்கட்கிழமை காலை வேன் கச்சிராயபாளையத்தில் நின்றது. மலைமேல் மேகம் இறங்கியிருந்தது. சாப்பாட்டுப் பையோடு கொளஞ்சியம்மாள் ஏறினார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. எழில்மதி சட்டென்று எழுந்து தன் சீட்டைக் கொடுத்துவிட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உளுந்தூர்பேட்டை வரைக்கும் நின்றாள். எங்கள் சூப்பர்வைசர் நிற்கிறாள், புதிதாய்ச் சேர வந்த ஹெல்பர் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறார். எனக்கு வயிறு எரிந்தது.

அவரை எங்கள் லைனிலேயே போட்டார்கள். பசை தடவி, காயவிட்டு, சோலை வைத்து அழுத்தும் வேலை. அவருக்குக் கை ஓடவில்லை. எழில்மதி பக்கத்தில் நின்று அவர் பங்கையும் தானே ஒட்டினாள். எனக்கு அது புதிதாகத் தெரியவில்லை. களை எடுக்கும்போது ஒருத்தி பின்தங்கினால் அவள் வரிசையையும் சேர்த்து முடித்துவிட்டு எல்லோரும் ஒன்றாகக் கரையேறுவதுதான் எங்கள் பக்கத்து வழக்கம். விட்டுவிட்டு வந்தால் அசிங்கம். கழனிப் புத்தி போகவில்லை என்று கிண்டல் செய்தேன். சிரித்தாள். கிண்டலோடு நிறுத்தாமல் தடுத்திருக்கலாம்.

லைனையும் பார்த்துக்கொண்டு இந்த வேலையையும் செய்ததில், பசை காயுமுன்பே அழுத்தியிருக்கிறாள். வியாழக்கிழமை செக்கிங்கிலிருந்து ஒரு பெட்டி ஷூ திரும்பி வந்தது. கையில் எடுத்தாலே சோல் பிரிந்தது. மேனேஜர் பிரவீன்குமார் சத்தம் போடவில்லை, யார் ஒட்டியது என்று மட்டும் கேட்டார். நான்தான் என்றாள் எழில்மதி. சூப்பர்வைசர் ஏன் பசையைத் தொட்டாய், உன்னை நிரந்தரமாக்குவதை யோசிக்க வேண்டும் என்றார்.

அப்போது கொளஞ்சியம்மாள் வாயைத் திறந்தார். காப்பாற்றத்தான் திறந்தார், அதுதான் கொடுமை.

"அவள ஒண்ணும் சொல்லாதீங்க சார். அவ எங்க கழனி ஆளு. அவங்க அம்மா இன்னும் எங்களாண்டதான் வேல செஞ்சிகினு இருக்குது. நான் கேக்கவே வேணாம், அவளே செஞ்சிடுவா."

நாங்கள் இத்தனை நாள் ஒருவருக்கொருவர் ஒத்தாசை என்று நினைத்ததை இந்த அம்மா இப்படியா எடுத்துக்கொண்டிருந்தார்?

எழில்மதியின் முகம் வெளிறிப்போனது. பெட்டியை இழுத்து வந்து கொளஞ்சியம்மாள் முன்னால் வைத்தாள். வேலை கற்றுக்கொடுக்காதது தன் தப்பு, இன்றைக்குக் கற்றுக்கொடுப்பதாக மேனேஜரிடம் சொன்னாள். பிறகு கொளஞ்சியம்மாள் பக்கம் திரும்பி, "எல்லாத்தையும் பிரிங்கம்மா. மொதல்ல இருந்து நீங்களே ஒட்டுங்க" என்றாள்.

கொளஞ்சியம்மாள் எங்கள் முகத்தை ஒவ்வொன்றாகப் பார்த்தார். யாராவது எழுந்து வந்து வாங்கிக்கொள்வார்கள் என்று எதிர்பார்த்தார் போலிருக்கிறது. ஒருத்தியும் அசையவில்லை. அவர் கண் சிவந்தது.

"அப்ப உங்க அம்மாவ நாளையிலேர்ந்து கழனிக்கு வர வேணான்னு சொல்லிடு" என்றார்.

"சொல்லிடுறன்மா. இனிமே வராது."

அடிப்பாவி, உன் வேலையே நிற்குமா நிற்காதா என்று தெரியவில்லையே என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். அவள் பசை டப்பாவை அவர் பக்கம் தள்ளிவிட்டு, தடவியதும் எவ்வளவு நேரம் காயவிட வேண்டும் என்று சொல்ல ஆரம்பித்தாள்.

கொளஞ்சியம்மாள் கற்றுக்கொண்டார், இப்போதும் எங்கள் லைனில்தான் இருக்கிறார். எழில்மதிக்கு நிரந்தரம் உடனே வரவில்லை. மாதக்கணக்கில் இழுத்தடித்துத்தான் கொடுத்தார்கள். சாலம்மாள் மறுநாளிலிருந்தே வீட்டில் இருந்தாள்.