சுவரின் தடிப்பு

இரண்டாயிரத்து ஒன்பதாம் ஆண்டின் தொடக்கத்தில் நான் ஒஸ்லோவில் கலை வரலாறு படித்துக்கொண்டிருந்தேன். வட பிரான்சின் ஒரு கிராமத்துப் பங்குக் கோயிலைப் பற்றிக் கட்டுரை எழுதவேண்டியிருந்தது. முந்தைய இலையுதிர் காலத்தில் வகுப்போடு போய் அதைப் பார்த்திருந்தேன். பன்னிரண்டாம் நூற்றாண்டில் சுண்ணாம்புக் கல்லால் கட்டிய சிறிய கோயில். அந்த முதல் கட்டடத்தில் இன்று மிஞ்சியிருப்பது பீடப் பகுதி மட்டும்தான். நூறாண்டுப் போரில் படைகள் கிராமங்களைக் கொளுத்திக்கொண்டு போனபோது, ஊர்ச் சனங்கள் தங்கள் கோயிலையே கோட்டையாக்கினார்கள். ஜன்னல்களைக் கல்லால் அடைத்து, அம்பு எய்வதற்கு மட்டும் பிளவு விட்டார்கள். மேற்கில் ஒரு கோபுரத்தை எழுப்பினார்கள். வளைகூரைக்கு மேலே எல்லோரும் ஒதுங்க ஓர் அறை, அதில் பாண் சுட ஒரு போறணை, கீழே கோயிலுக்குள்ளேயே கிணறு. அறைக்குப் போகும் படிகள் சுவரின் தடிப்புக்குள்ளே ஏறின. நான் ஏறும்போது இரண்டு தோள்களும் கல்லில் உரசின.

அப்பா இறந்த பிறகு ஒஸ்லோவின் புறநகரான பியோர்ண்டாலில் இருந்த வீட்டில் அம்மாவும் நானும்தான் இருந்தோம். அம்மா மன்னாரில் பிறந்தவள். ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை செய்தாள். அவளுடைய ஒரே தங்கை, என் சித்தி, சித்தப்பாவுடனும் இரண்டு பிள்ளைகளுடனும் வன்னியில் அகப்பட்டிருந்தாள். சண்டை நெருங்க நெருங்க அவர்கள் இடம் மாறிக்கொண்டே போனார்கள். கடைசியாக யாரோ ஒருவரின் தொலைபேசியில் இருந்து சித்தி எடுத்தாள். அம்மா ஒலிபெருக்கியைப் போட்டாள்.

"அக்கா, இவரின்ரை ஊர்க் கோயிலுக்கை நிக்கிறம். பங்குச் சுவாமி எல்லாரையும் உள்ளை விட்டிட்டார். ஒரே சனம்."

"பிள்ளையள் எங்கை? சாப்பிட்டதுகளோ?"

"கோயிலுக்கை இருக்கிறபடியாப் பயமில்லை அக்கா. அடிக்கமாட்டினம்."

பிறகு இரைச்சல். பிறகு ஒன்றுமில்லை. அம்மா அந்த எண்ணையே நாள்தோறும் அழுத்தினாள். வேலைக்குப் போகுமுன், பஸ்ஸுக்குள், குசினியில் சோறு கொதிக்கும்போது. தொடர்பு இல்லை என்று சொல்லும் பெண்குரலோடு அவள் கோபித்துக்கொள்ளவும் தொடங்கினாள்.

ஒரு நாள் நான் சாப்பாட்டு மேசையில் அந்தப் பிரெஞ்சுக் கோயிலின் குறுக்குவெட்டுப் படத்தை விரித்து வைத்திருந்தேன். அம்மா கோட்டைக்கூடக் கழற்றாமல் வந்து குனிந்து பார்த்தாள்.

"இதென்ன, இந்தக் கறுப்பு?"

"சுவர், அம்மா. சுவரை வெட்டிப் பார்த்தா இப்படி இருக்கும்."

"இவ்வளவு மொத்தமோ?"

நான் இரண்டு கைகளையும் அகட்டிக் காட்டினேன். அவள் என் கைகளுக்கு நடுவிலிருந்த வெளியையே பார்த்துக்கொண்டு நின்றாள். சண்டைக் காலத்தில் சனங்கள் அதற்குள் ஒளித்திருந்தார்கள் என்று சொன்னேன். சொல்லியிருக்கக்கூடாதோ என்று உடனே நினைத்தேன். ஆனால் அவள் கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

"தப்பினதுகளோ?"

"கன தரம் தப்பியிருக்கினம். ஒருக்கா கூரைக்கு நெருப்பு வைச்சிட்டாங்கள். மேலை இருந்த சனம் செத்துப்போச்சு எண்டு எழுதியிருக்கு."

"செல் வந்து விழுந்தா இந்தச் சுவர் தாங்குமோ?"

"அப்ப செல் இல்லையம்மா."

"நான் கேட்டது தாங்குமோ எண்டு."

எனக்குத் தெரியவில்லை. தெரியாது என்றேன். அவள் எழுந்து அறைக்குள் போய் ஒரு படத் தொகுப்பை எடுத்து வந்தாள். சித்தியின் சின்ன மகனுக்கு ஞானஸ்நானம் கொடுத்த அன்று எடுத்த படம். சித்தப்பாவின் ஊர்க் கோயில். சித்தி குழந்தையோடு ஒரு ஜன்னல் ஓரம் நிற்கிறாள். சித்தப்பா வேட்டியும் வெள்ளைச் சேட்டுமாகச் சிரிக்கிறார்.

"இதைப் பாத்துச் சொல்லு. நீ படிக்கிறனிதானே."

ஜன்னல் பதிந்திருக்கும் ஆழத்தை வைத்துச் சுவரின் தடிப்பை அறியலாம் என்று எங்களுக்குக் கற்பித்திருந்தார்கள். சித்தி கையை ஜன்னல் விளிம்பில் வைத்திருந்தாள். அவளுடைய உள்ளங்கையே விளிம்பு முழுவதையும் மூடியிருந்தது. ஒற்றைச் சீமெந்துக் கல் வரிசை. மேலே மரச் சலாகைகள், அவற்றின் மேல் ஓடு. வளைவு இல்லை, தூண் இல்லை. நிழலுக்கும் காற்றுக்குமாகக் கட்டிய கோயில்.

"சொல்லன்."

"மெல்லிய சுவர், அம்மா."

"கூரை?"

"ஓடு."

அவள் படத்தை வாங்கித் தன் பக்கம் திருப்பிப் பார்த்தாள். நான் தவறாகப் பார்த்திருக்கக்கூடும் என்று நினைத்தாள் போல. "கோயிலுக்கு அடிக்கமாட்டினம் எண்டு அவள் சொன்னவள்தானே," என்றாள். பிறகு, கோட்டு போட்டபடியே இருந்ததால், திரும்பவும் வெளியே போனாள். சண்டையை நிறுத்தச் சொல்லிப் பாராளுமன்றத்தின் முன்னால் கூடி நின்ற எங்கள் சனங்களோடு அன்று பொழுதுபடும்வரை நின்றாள் என்று பிறகு தெரிந்தது. அப்போது நான் அவளுக்குப் பின்னால் போகவில்லை. அவள் மேசையில் வைத்துவிட்டுப் போன படத்தின் முன்னாலேயே இருந்தேன்.

அந்த வாரம் என் பேராசிரியை முதல் வரைவைப் படித்துவிட்டு அழைத்தார். "போறணையைப் பற்றியும் மேலே இருந்த சனங்களைப் பற்றியும் நிறைய எழுதியிருக்கிறாய். கட்டடம் குறைந்துவிட்டது," என்றார். நல்ல மனிதர்தான். நான் ஓம் என்று தலையாட்டிவிட்டு நூலகத்தின் கழிவறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு அழுதேன். கட்டுரையை அந்தத் தவணையில் கொடுக்கவில்லை.

சண்டை முடிந்துவிட்டது என்று செய்தி வந்த பிறகும் சித்தியிடமிருந்து ஒன்றும் வரவில்லை. கோடை விடுமுறை தொடங்கி, அயல் பிள்ளைகள் கீழே புல்லில் பந்தடித்துக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், அகதி முகாமிலிருந்து சித்தி போன் எடுத்தாள். அவளும் பிள்ளைகளும் இருந்தார்கள்.

"அவர் எங்கையடி?" என்று அம்மா கேட்டாள்.

"பிறகு கோயிலுக்கை இடமில்லை எண்டு எங்களை வெளியிலை பங்கருக்கை விட்டிட்டு, வயசாளியளைப் பாக்கவெண்டு அவர் உள்ளை போனவர், அக்கா. கூரையிலைதான் விழுந்தது." சித்தி அழவில்லை. மூத்தவனுக்குச் செருப்பு இல்லை, சின்னவனுக்கு வயிற்றோட்டம் என்று தொடர்ந்து சொல்லிக்கொண்டே போனாள். அம்மா ஒவ்வொன்றுக்கும் "ஓம், ஓம்" என்றாள்.

அதற்குப் பிறகு அம்மா ஒஸ்லோவில் எங்கள் கோயிலின் ஞாயிறுப் பூசைக்கு வருவதை நிறுத்தவில்லை. ஆனால் உள்ளே வந்து இருக்கமாட்டாள். குளிர்காலம் வந்த பிறகும் கோட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வெளியே நிற்பாள். பிந்தி வந்தவர்கள் அவளும் பிந்தி வந்தவள் என்று நினைத்து உள்ளே வரச்சொல்லிக் கதவைப் பிடிப்பார்கள். அவள் தலையை அசைத்து மறுப்பாள். சில ஞாயிறுகள் கெஞ்சிப் பார்த்தேன். பிறகு விட்டுவிட்டு நானும் அவளுடன் வெளியே நின்றேன். உள்ளே பாடுவது ஓரளவு கேட்கும். சுவாமி என்ன சொல்கிறார் என்பது கேட்காது.