சத்தியநேசனின் டார்ச் லைட்

“ஏட்டி, ஆ சொல்லு. நாக்கை நல்லா நீட்டு.”

தெருக்குழாயடியில் சீனிச்சாமியின் மகளை மடக்கி, வாய்க்குள் டார்ச் அடித்துப் பார்க்கிறார் சத்தியநேசன். ராஜபாளையத்துத் தறிக்கூடத்தில் பேண்டேஜ் துணி நெய்கிறவர். அவர் தலை தெரிந்தாலே பிள்ளைகள், “டார்ச் மாமா வாராக!” என்று சிட்டாய்ப் பறந்துவிடும்.

“தொண்டைதான அண்ணாச்சி, மிளகு ரசம் வச்சாச் சரியாப்போகும்” என்கிறார் சீனிச்சாமி. சத்தியநேசனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வருகிறது. “நானும் அப்படித்தாம்லே நெனச்சேன்!”

நினைத்ததுதான் வினை. எண்பத்திரண்டாம் வருஷம், மகள் அருள்செல்வி சிறுமியாக இருந்தபோது, தொண்டை வலித்துக் காய்ச்சல் வந்து போயிற்று. சில வாரம் கழித்து முழங்கால் வீங்கியது. அது லெந்து காலம், ஈஸ்டருக்கு முந்தைய உபவாச நாட்கள். “பிள்ளை சிமெண்டுத் தரையில முழங்கால் போட்டு ஜெபம் பண்ணுதுல்லா, அதான்” என்று போதகரிடம் சொல்லிப் பூரித்தார். வீக்கம் கணுக்காலுக்கு இறங்கி, முழங்கைக்கு ஏறி, தானே வடிந்தது. ஆலயத்தில் ஸ்தோத்திரக் காணிக்கையும் படைத்தார், பாவம்.

அது வடியவில்லை, நெஞ்சுக்குள் போயிருக்கிறது என்று யார் கண்டது? வளர்ந்த பெண் ஒருநாள் குடத்தோடு வந்தவள் படபடத்து வாசலில் சரிந்தபோதுதான் டாக்டர் சொன்னார்: தொண்டைப் புண்ணில் தொடங்கிய அழற்சி இதய வால்வைக் கெடுத்துவிட்டது, துடிப்பு தாறுமாறாகிவிட்டது, இன்னொரு தொண்டைப் புண் வந்தால் தாங்காது. மூன்று வாரத்துக்கு ஒரு பென்சிலின் ஊசி, தப்பவே கூடாது.

அன்றிலிருந்து இவர் விரல் மகளின் மணிக்கட்டிலேயே கிடக்கிறது. சாப்பிடும்போதுகூட இடது கையால் பிடித்துக்கொள்வார். “ரெண்டு ஓடுது, செத்த நிக்குது, பொறவு சேந்து ஓடுதே!”

“நீங்க பிடிச்சாத்தாம்ப்பா அது பயந்து ஓடுது” என்பாள் அவள். இவருக்குச் சிரிப்பு வராது.

இந்தத் தவணை ஊசி மருந்து ஊரில் கிடைக்கவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் கடை கடையாய் ஏறி இறங்கி வாங்குவதற்குள் நாள் தள்ளிப்போய்விட்டது. இன்று மருந்தோடு வீட்டுக்குள் நுழைகிறார். அருள்செல்வி எச்சில் விழுங்கி முகம் சுளிக்கிறாள்.

“தொண்டையாம்மா?”

“லேசாத்தாம்ப்பா.”

டார்ச்சை எடுக்கிறார். அவள் தானாகவே வாயைத் திறக்கிறாள். தெருப்பிள்ளைகளையெல்லாம் விரட்டிப் பிடித்துப் பார்த்தவர், இப்போது பித்தானை அழுத்தாமலே டார்ச்சை இறக்கிவிடுகிறார்.

“தேவகிருபை, நீ பாரு” என்று மனைவியிடம் டார்ச்சைக் கொடுத்துவிட்டு, மகளின் மணிக்கட்டைப் பிடித்தபடி, கண்ணை இறுக மூடிக்கொண்டு அந்தச் சிமெண்டுத் தரையில் முழங்கால் போடுகிறார்.