வருடத்துக்கு ஒரு டிகிரி

கோல்ஃப் மைதானத்தில் அவளுக்குத் ‘தூங்குமூஞ்சி’ என்று பட்டப்பெயர். அப்படிக் கூப்பிட்டாலும் கோபித்துக்கொள்ள மாட்டாள். பந்தை அடிப்பதற்கு முன்னால் ஒரு மூச்சு நேரம் கண்ணை மூடிக்கொண்டு நிற்பாள். அந்த ஒரு மூச்சில் எங்கே போய்விட்டு வருகிறாள் என்பது கட்டிக்கொண்டவனுக்கே தெரியாது. கண் திறக்கும், மட்டை மேலே போகும், கீழே வரும், பந்து பறந்துவிடும். அப்புறமும் அசைய மாட்டாள். பந்து விழுந்து உருண்டு ஓய்கிறவரை, ஜன்னலோரம் மழை பார்க்கிற குழந்தை மாதிரி பார்த்துக்கொண்டே நிற்பாள்.

புருஷன்காரன் பட்டறையில் ஃபிட்டர். போட்டி வந்தால் லீவு போட்டுவிட்டு, பதினாலு மட்டை அடுக்கிய பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அவள் பின்னால் நடப்பான்.

“பொண்டாட்டி பாரத்தை நெஜமாவே தோள்ல தூக்குறவன் உலகத்துல நான் ஒருத்தன்தான்” என்பான்.

“பன்னண்டு கிலோவுக்கு எவ்வளவு பேச்சு” என்பாள்.

இருபத்திரண்டு வருட ஆட்டத்தில் கோப்பை எதையும் அவள் தூக்கியதில்லை. ஒரே ஒரு முறை மூன்றாம் இடம். அன்றைக்கு அடைமழை, பாதிப் பேருக்குக் கை வழுக்கியது, இவளுக்கு வழுக்கவில்லை. தூக்கத்தில் இருப்பவளுக்கு மழை தெரியுமா? ஆனால் வருடக் கடைசிப் பட்டியலில் முதல் அறுபது பேருக்குள் எப்படியாவது வந்துவிடுவாள். அறுபதுக்குள் வந்தால் அடுத்த வருடமும் ஆடலாம். வராவிட்டால் புதுமுகங்களோடு வரிசையில் நின்று தேர்வு எழுதுகிற மாதிரி ஆடித் தேறி வரவேண்டும். கழுத்துவரை தண்ணீரில் மூக்கை மட்டும் வெளியே வைத்துக்கொண்டு நீந்துகிற வித்தை அது. அவள் அதில் கெட்டிக்காரி.

முப்பத்தெட்டு வயதில், ஒரு லாட்ஜ் அறையில் நாற்காலி முதுகில் ஈரக் காலுறையைக் காயப்போட்டபடி ஒன்று சொன்னாள்.

“ஏழாம் நம்பர் மட்டையில நூத்து நாப்பது கஜம் போகாத அன்னைக்கு ஆட்டத்தை விட்டுடுவேன். யாராவது ‘பாவம்’னு சொல்றதுக்கு முன்னாடி நானே போயிடணும்.”

அவன் சிரிக்கவில்லை. சொன்னால் செய்கிற ஜாதி அவள். ஒரு தடவை அக்காவோடு சண்டை போட்டு, “இனிமே உன் கார்ல ஏறினா என்னன்னு கேளு” என்றாள். பதினோரு வருடமாக பஸ்ஸில்தான் போகிறாள். அக்கா காரை ஓட்டிக்கொண்டு பஸ்ஸுக்குப் பின்னாலேயே வருவாள்.

அடுத்த மாதமே ஒரு பந்து நூற்று முப்பத்தாறில் விழுந்ததை அவன் பார்த்துவிட்டான்.

“எதிர்க்காத்து” என்றான். மரத்தில் ஓர் இலை அசையவில்லை.

அந்த வருடம் போட்டிகள் முடிந்து அவள் அக்கா வீட்டுக்கு ஒரு வாரம் போனபோது, ஏழாம் நம்பரைப் பட்டறைக்கு எடுத்துப்போய் இடுக்கியில் பிடித்தான். மட்டைக்கு நம்பர் என்பது சும்மா பேர்தான்; விஷயமெல்லாம் முகத்தின் சாய்வில் இருக்கிறது. முகம் மல்லாந்திருந்தால் பந்து உயரமாகப் போய்க் கிட்டத்தில் விழும். கொஞ்சம் நிமிர்த்தினால் தாழ்வாகப் போய்த் தூரத்தில் விழும். ஒரு டிகிரி நிமிர்த்தினான். ஏழாம் நம்பரை மட்டும் தொட்டால் குட்டு உடைந்துவிடும் என்று மற்ற இரும்பு மட்டைகளையும் அதே அளவு நிமிர்த்தினான். ஆட்ட விதிப்படி இதில் தப்பு ஒன்றும் இல்லை. பொண்டாட்டி விதிப்படிதான் தூக்குத் தண்டனை.

அவள் திரும்பி வந்து அடித்தாள். நூற்று நாற்பது. கண் மலர்ந்து நின்றாள். அவ்வளவுதான், அவனுக்கு ருசி கண்டுவிட்டது. வருடத்துக்கு ஒரு டிகிரி, ஐந்து வருடம். சின்ன வயதில் வாத்தியார் நாற்காலியில் பசை தடவினபோதுகூட அவன் இவ்வளவு சுத்தமாக வேலை செய்ததில்லை.

ஒரே ஒரு முறை அவள் கேட்டாள். “பந்து இப்பல்லாம் தாழ்வாப் பறக்குதுல்ல?”

“அதுக்கும் வயசாகுதே.”

இந்த வருடத்தின் கடைசிப் போட்டி. மூன்று நாள் ஆட்டம் முடிந்தபோது வருடப் பட்டியலில் அவள் ஐம்பத்தெட்டில் இருந்தாள். நான்காம் நாள் காலை. புல்லெல்லாம் பனி. மைதானம் இன்னும் போர்வைக்குள் இருந்தது. பயிற்சிக்கு அடித்துப் பார்க்கும்போது புல்லுக்குள் ஒளிந்திருந்த கல்லில் ஏழாம் நம்பர் ‘ணங்’ என்று மோதியது. முகம் கோணிவிட்டது. அவன் தண்ணீர் பிடிக்கப் போயிருந்த நேரம். அவளே மட்டைகளை எடுத்துக்கொண்டு பழுது பார்க்கிற வேனுக்குப் போய்விட்டாள். அவன் மூச்சிரைக்க ஓடிவந்தபோது வேன்காரர் அளவுக்கருவியில் எட்டாம் நம்பரை மாட்டியிருந்தார்.

“ஏழு கோணிடுச்சு, அதான் பக்கத்து நம்பரை வச்சு அளவு பார்க்கிறேன்” என்றவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். “இது எட்டு இல்லையேம்மா! அஞ்சு டிகிரி நிமிர்ந்திருக்கு. யாரோ கைவேலை பண்ணியிருக்காங்க. நல்ல கை.”

திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி அவன் படியில் நின்றான். அவள் திரும்பிப் பார்த்தாள். தூக்கம் சுத்தமாகப் போயிருந்தது.

வேனுக்கு வெளியே வந்தார்கள்.

“எத்தனை வருஷமா?”

“அஞ்சு.”

“எப்போ?”

“நீ அக்கா வீட்டுக்குப் போறப்போ.”

“ஓ. ‘போயிட்டு வாம்மா, நல்லா ரெஸ்ட் எடு’ன்னு பஸ் ஏத்திவிட்டதெல்லாம் இதுக்குத்தானா? நான் பாசம்னு நெனச்சேன் பாருங்க. சரி, இப்போ நெஜமா எவ்வளவு போகுது?”

“நூத்து இருபத்தெட்டு இருக்கும்.”

“யாரும் பாவம்னு சொல்லக் கூடாதுன்னு சொன்னேன். நீங்க அஞ்சு வருஷமா இடுக்கியில வச்சு சொல்லிக்கிட்டே இருந்திருக்கீங்க.”

“பாவம்னு பண்ணலைம்மா.” அவன் தரையைப் பார்த்தான். “அடிச்சுட்டு ஒரு நிப்பு நிப்பியே. அதைப் பின்னாடி நின்னு பார்க்கிறதுதான் எனக்குன்னு இருக்கு. அது போயிடுமோன்னு பயம். எனக்காகத்தான் பண்ணேன்.”

அவள் வேன் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“ஏழாம் நம்பரை எத்தனை டிகிரியில வைக்கட்டும்மா?” உள்ளேயிருந்து வேன்காரர் கேட்டார்.

“புதுசுல எவ்வளவு?”

“முப்பத்துநாலு.”

“அதுலயே வைங்க.”

மற்றதை மாற்ற நேரமில்லை. அப்படி, ஒரு உண்மையும் மிச்சமெல்லாம் பொய்யுமாக ஒரு பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார்கள். அன்றைக்கு அவள் ஆடியதைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. எந்த மட்டையை எடுத்தாலும், “இது யாரு, எட்டா ஏழா?” என்று அவனைக் கேட்டாள். ரேஷன் கடை வரிசையில் ஆள் மாறி நின்றுவிட்ட மாதிரிக் குழப்பம். அடிக்கு அடி சந்தேகம். பட்டியலில் படி இறங்கிக்கொண்டே இருந்தாள்.

பதினாறாவது குழிக்கு முன்னால் ஒரு மணல் பள்ளம் இருந்தது.

“குழிக்கு எவ்வளவு?”

“நூத்து இருபத்தேழு.”

“ஏழாம் நம்பரைக் கொடுங்க.”

கண்ணை மூடினாள். ஒரு மூச்சு. அப்புறம் பந்து கிளம்பியது. தூரத்துக்கு அல்ல, உயரத்துக்கு. ஐந்து வருடமாக அவன் பார்க்காத உயரம். ஏறி, ஏறி, வெள்ளை வெயிலில் ஒரு புள்ளியாகி, இறங்க மறந்துவிட்டதோ என்று தோன்றுகிற அளவுக்கு அங்கேயே மிதந்தது. கீழே எல்லாம் மெதுவாகிவிட்டது. புல்லில் இருந்த ஒரு மைனாகூடத் தலையைச் சாய்த்துப் பார்த்தது. பிறகு மணலைத் தாண்டி, பூனை மதிலிலிருந்து குதிக்கிற சத்தத்தில் பசும்புல்லில் விழுந்து, விழுந்த இடத்திலேயே நின்றது.

அவளும் நின்றாள். ரொம்ப நேரம்.

“இவ்வளவு உயரமாவா போயிட்டிருந்தது?” என்றாள், யாரிடமோ கேட்பது போல. “அதை எங்கிட்ட இருந்து எடுத்துட்டீங்களே.”

அவன் மட்டையை வாங்கித் துடைத்துப் பையில் வைத்தான்.

ஆட்டம் முடிந்தபோது பட்டியலில் அறுபத்துமூன்றாவது. பலகையை அவள் ஒரு முறை படித்தாள். பையை அவனே தூக்கிக்கொண்டான். பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார்கள். கேட்க வேண்டியதை அவன் அங்கே பெஞ்சில் உட்கார்ந்துதான் கேட்டான்.

“அப்போ... விட்டுடப் போறியா?”

“நூத்து நாப்பது போகலையே.”

“போகலை.”

“சொன்ன வாக்கு இருக்கே.”

“இருக்கு” என்றான்.

அவள் பைக்குள் கையை விட்டு ஏழாம் நம்பரை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

“வாக்கு குடுத்தப்போ எனக்கு முப்பத்தெட்டு வயசு. அந்த வயசுக்காரிக்கு உயரத்தைப் பத்தி ஒண்ணும் தெரியாது, தூரம் மட்டும்தான் தெரியும். நாளைக்குப் பட்டறையில எல்லாத்தையும் பழையபடி மல்லாத்துங்க. நானும் வருவேன், அளவுக்கருவியை நான்தான் படிப்பேன், உங்களை நம்ப முடியாது. ஒவ்வொண்ணும் எவ்வளவு போகுதுன்னு முதல்லேர்ந்து கத்துக்கணும். தேர்வுக்கு ரெண்டு மாசம்தான் இருக்கு.”

“புதுமுகங்களோடயா? எல்லாம் பள்ளிக்கூடம் முடிக்காததுங்க.”

“அதுங்க ‘அத்தை’ன்னு கூப்பிட்டா திரும்பிப் பார்க்கிறேன். அதுல என்ன?”

பஸ் வந்தது. ஏறுவதற்கு முன்னால் அவள் அவன் தோளிலிருந்து பையைக் கழற்றித் தன் தோளில் மாட்டிக்கொண்டாள்.

“தண்டனை ஒண்ணு உண்டு” என்றாள். “இந்த வருஷம் அக்கா வீட்டுக்கு நீங்க போங்க.”