பின்சீட்டில் இடதுபக்கம்

இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருப்பவர்களில் பலர் எங்கள் அம்மாவை ஓடும் காரின் பின்சீட்டில் பார்த்திருப்பீர்கள். கையில் எலுமிச்சம்பழம் இருக்கும், கண்கள் மூடியிருக்கும். தூங்குகிறார் என்று நினைத்திருப்பீர்கள். அம்மா அப்போது வேலையில் இருந்தார்.

அம்மா பிறந்தது அன்னூருக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில். கிணறு வற்றி வெள்ளாமை பொய்த்த வருடத்தில் அவருடைய பள்ளிப் படிப்பு பாதியில் நின்றது. அதைச் சொல்லி அவர் குறைப்பட்டு நான் கேட்டதில்லை. என்னை விரட்டி விரட்டிப் படிக்கவைத்ததில் அந்த ஏக்கம் தெரிந்தது. அப்பாவைக் கைப்பிடித்துக் கணபதி என்கிற ஊருக்கு வந்தபோது பட்டறை என்பது ஒரு தகரக் கூரையும் ஒரு ஜாக்கியும்தான். முன்னால் பட்டறை, பின்னால் வீடு. அப்பா பார்ப்பது காரின் அடிப்பக்க வேலை மட்டும்: சஸ்பென்ஷன், ஸ்டீயரிங். குழியில் இறங்கினால் டொக், திருப்பினால் கடகட, நேர் ரோட்டில் ஒருபக்கம் இழுப்பு என்று வருகிற வண்டிகள்.

இந்த வேலையில் ஒரு தொல்லை உண்டு. ஸ்டீயரிங்கைப் பிடித்திருப்பவருக்கு எல்லாச் சத்தமும் தன் காலடியிலிருந்து வருவதுபோலவே இருக்கும். பின்னால் ஒருவர் உட்கார்ந்து கேட்டுச் சொல்ல வேண்டும். ஒருநாள் பட்டறை ஆட்கள் எல்லோரும் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட, வேறு வழியில்லாமல் அப்பா அம்மாவைக் கூப்பிட்டார். பஸ் ஏறினாலே வாந்தி எடுக்கிற அம்மா எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டே போய்வந்தார். இறங்கியதும், “எடதுபக்கம் முன்சக்கரமுங்க. குழில எறங்கறப்ப இல்லீங்க, ஏறறப்ப. தகரச் சம்படத்துக்குள்ள கொட்டப்பாக்கு உருள்ற மாதிரி இருக்குது” என்றார். அப்பா கழற்றிப் பார்த்தார். அந்தச் சக்கரத்தை ஒட்டிய லிங்க் ராடு தேய்ந்து ஆடிக்கொண்டிருந்தது. அன்றிலிருந்து பின்சீட்டின் இடதுபக்கம் அம்மாவுடையது.

நான் பெரியநாயக்கன்பாளையத்தில் ஒரு பம்ப் கம்பெனியில் தரம் பார்க்கும் பிரிவில் இருக்கிறேன். காரணம் தெரியாமல் எதையும் விடமாட்டேன். “உங்களுக்கு மட்டும் எப்படிம்மா தெரியுது?” என்று அம்மாவை அரித்தெடுத்திருக்கிறேன். “வாந்தி வாரவளுக்குத்தான் கண்ணு வண்டியோட ஒவ்வொரு ஆட்டமும் தெரியும். சொகமா உக்காந்திருக்கறவங்களுக்கு என்ன தெரியும்?” என்பார். பாதி கேலி, பாதி நிஜம் என்று அப்போது நினைத்தேன். இப்போது முழுக்க நிஜம் என்றே படுகிறது.

அம்மாவே ஏமாந்த கதை ஒன்றும் உண்டு. பொள்ளாச்சியிலிருந்து ஒரு தேங்காய் வியாபாரி, பின்னால் டொக் டொக்கென்று அடிக்கிறது என்று காரைக் கொண்டுவந்தார். அப்பாவும் அம்மாவும் போய்ப் பார்த்தால் சத்தமே இல்லை. அனுப்பிவிட்டார்கள். மறுபடி வந்தார், மறுபடியும் இல்லை. அடுத்த முறை வந்தபோது மனிதருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. “ஏனுங்ணா, இத்தன தூரம் டீசல் போட்டு நான் பொய் சொல்லவா வாரேன்?” அம்மா அப்பா பக்கம் திரும்பினார். “ஏனுங்க, நான் எறங்கிக்கறேன். நீங்க தனியா ஒரு சுத்துப் போய்ட்டு வாங்க” என்றார். அப்பா சிரித்துக்கொண்டே திரும்பி வந்தார். பின்பக்க ஷாக் அப்சார்பரின் ரப்பர் புஷ் தேய்ந்திருந்தது. மேலே ஆள் உட்கார்ந்தால் எடை அழுத்தி ஆட்டம் நின்றுவிடும், காலியாக இருந்தால் அடிக்கும். சத்தத்தைத் தேடப் போனவரே அதன்மேல் உட்கார்ந்திருந்தார். அதற்குப் பிறகு எங்கள் பட்டறையில் எந்த வண்டிக்கும் இரண்டு சுற்று: ஒன்று அம்மா இல்லாமல், ஒன்று அம்மாவோடு.

கடைசி ஆண்டுகளில் அம்மாவின் சிறுநீரகம் கெட்டது. டயாலிசிஸுக்கு எங்கள் பழைய காரில், அதே இடத்தில் உட்கார்ந்துதான் போய்வந்தார். உடம்பு பாதியாகியும் வாய் குறையவில்லை. “முன்னால போற ஆட்டோவுக்கு ஸ்டீயரிங் ஆடுது, தள்ளியே போங்க” என்று அப்பாவிடம் சொன்னது மருத்துவமனைக்குப் போன கடைசிப் பயணத்தில்.

பவானியில் அஸ்தி கரைத்துவிட்டுத் திரும்பியபோது அப்பாதான் ஓட்டினார். அம்மாவின் இடத்தில் யாரும் உட்காரவில்லை. முதல் வேகத்தடையில் பின்னால் டொக் என்றது. அடுத்ததிலும் டொக். அப்பாவின் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. வாரங்கள் போயின, சத்தம் அப்படியே இருந்தது. சீட்டுக்கு அடியில் தேடினேன். அம்மாவின் எலுமிச்சம்பழம் ஒன்று காய்ந்து கிடந்தது. இதுதான் உருள்கிறது என்று மகிழ்ந்து எடுத்து வைத்தேன். டொக் நிற்கவில்லை.

ஓசூரில் இருக்கும் அண்ணன் நான் சொல்லக் கேட்டுப் பயந்துவிட்டார். “ஊர் வண்டிக்கெல்லாம் சத்தம் கண்டுபிடிச்சவருக்குச் சொந்த வண்டிச் சத்தம் கேக்கல பாரு. அப்பாவுக்குக் காது போயிருச்சு. பட்டறைய மூடிப்போட்டு என்கூடக் கூட்டிட்டுப் போயர்றேன்” என்றார். பட்டறையும் இல்லையென்றால் அப்பாவிடம் என்ன மிஞ்சும்? அப்பாவுக்குக் கேட்கிறதா, கேட்கவில்லையா என்பது தெரிந்தாக வேண்டியிருந்தது.

ஒரு ஞாயிறு காலை, அம்மாவின் அக்காவான பெரியம்மாவைப் போத்தனூரில் ரயிலேற்றப் போனோம். பெரியம்மா முன்னால் உட்கார்ந்தார், அவருடைய மூட்டைகள் பின்னால் வலதுபக்கத்தை அடைத்துக்கொண்டன. மிச்சம் இருந்தது ஒரே இடம். தயங்கித் தயங்கி நான் அதில் உட்கார்ந்தேன். அப்பா கண்ணாடியில் பார்த்துவிட்டு வண்டியை எடுத்தார். போத்தனூர் வரைக்கும் ஒரு டொக்கும் இல்லை.

திரும்பும்போது நான் முன்சீட்டுக்கு மாறினேன். முதல் வேகத்தடையிலேயே டொக். பொள்ளாச்சி வியாபாரி ஞாபகம் வந்தார். “நிறுத்துங்கப்பா” என்றேன். ஓரங்கட்டினார்.

“இந்தச் சத்தம் உங்களுக்குக் கேக்குதுங்களா?”

“கேக்காம என்ன அம்மணி? பவானியில இருந்து வந்தன்னைக்கே தெரிஞ்சுபோச்சு. பின்னால எடதுபக்கம், ஷாக் புஷ்.”

“அப்புறம் ஏனுங்க மாத்தல?”

ஸ்டீயரிங்கைத் தடவிக்கொண்டே இருந்தார். “அவ உக்காந்திருந்த வரைக்கும் இது வெளிய கேக்கல. இப்ப அந்த எடத்துல இருந்து வர்றது இது ஒண்ணுதான். இதையும் நிறுத்திப்போட்டா அப்புறம் ஒண்ணுமில்ல பாரு.”

எனக்கு அழுகை வந்தது. அழுதேன். அழுதுமுடித்து, “அம்மா இருந்திருந்தா, பட்டறக்காரன் வண்டியே டொக்கு டொக்குன்னு போனா எவன் வருவான்னு உங்கள ஒரு புடி புடிச்சிருப்பாங்க” என்றேன். அப்பா சிரித்துவிட்டார். காரியம் முடிந்த பிறகு அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

மறுநாள் அவரே படுத்து, கழற்றி, புது புஷ் போட்டார். தனியாக ஒரு சுற்றுப் போய்வந்தார். பிறகு பின்பக்க இடது கதவைத் திறந்து, “ஏறு அம்மணி, இன்னொரு சுத்து பாக்கி இருக்குது” என்றார். ஏறினேன். அன்று மாலையே அண்ணனுக்குப் போன் செய்து, பட்டறையை மூடும் பேச்சை எடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

அம்மாவின் கையைப் பிடித்து ஊசி குத்திய செவிலியர்களுக்கும், துக்க நாட்களில் தன் கடையைச் சாத்திவிட்டு, வந்தவர்களுக்கு நாற்காலியும் தண்ணீரும் பார்த்துக்கொண்ட பக்கத்து டயர் கடை பாய்க்கும், அடுப்படியைக் கையில் எடுத்துக்கொண்ட பெரியம்மாவுக்கும், காரியத்துக்குத் தேங்காய் மூட்டை அனுப்பிய பொள்ளாச்சிக்காரருக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடன்பட்டிருக்கிறது.

அம்மாவின் நினைவுநாளான இன்று சாப்பிட்டு முடித்துப் பஸ் ஏறப் போகிறவர்களை அப்பா காரில் கொண்டுபோய் விடுவார். பின்சீட்டின் இடதுபக்கம் தாராளமாக உட்காருங்கள். கதவுப் பையில் எலுமிச்சம்பழம் இருக்கிறது. ஏதாவது சத்தம் கேட்டால், எந்தப் பக்கம் என்று மட்டும் அப்பாவிடம் சொல்லுங்கள்.